பட்டு வெந்த தண்ணீர்

ஆரணியிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் மடியில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் ஆஸ்பத்திரிக்கா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். இது பட்டு நூலை வேகவைத்த தண்ணீர், இதற்குள் வெளிச்சத்தை விட்டுப் பார்க்கப் போகிறேன் என்று முதல் சில வாரங்கள் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். அடுத்தடுத்து வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் கண்ணமங்கலம் வருவதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. அதன்பிறகு ஆஸ்பத்திரிதான். யாருக்கு என்று கேட்டால் மாமியாருக்கு என்பேன். என் மாமியார் அப்போது களம்பூரில் திடமாக, என்னைவிட நன்றாகவே நடமாடிக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளின் கடைசியில் இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்தேன். கல்யாணம் ஆனது. பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் வேலை கிடைத்தது. வாரம் முழுக்க முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஒரே பாடத்தைப் பிரிவு பிரிவாகத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். வியாழக்கிழமை வரும்போது நான் சொல்வது எனக்கே கேட்காது. கணவருக்குச் செய்யாறில் கம்பெனி வேலை, ஷிப்டு மாறி மாறி வரும். அவர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் நேரத்தில் நான் என் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பேன். குழம்பு எந்தச் சட்டியில் இருக்கிறது என்பதைத் தவிர எங்களுக்குள் பல நாள் வேறு பேச்சே இருந்ததில்லை. இதற்கு நடுவில் பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்துகொண்டேன். டாக்டர் பட்டம் இல்லாதவர்களை வெளியே அனுப்பப் போவதாகக் கல்லூரியில் பேச்சு அடிபட்ட காலம் அது. ஆனால் அதற்காக மட்டும் செய்தேன் என்று சொன்னால் பொய். அந்தப் பாடம் எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது.

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டுப் பால் விட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் லேசாக நீலம் தெரியும். டார்ச்சுக்கு நேர் எதிரே நின்று பார்த்தால் சிவப்பு தட்டும். பாலில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் வெளிச்சத்தை வாங்கி நாலா பக்கமும் வீசுவதுதான் காரணம். துகளின் அளவும் தன்மையும் தெரிந்தால் எந்தப் பக்கம் எவ்வளவு வீசும் என்று கணக்குப் போட்டுவிடலாம். புத்தகங்கள் எல்லாம் அதைச் சொல்கின்றன. ஆனால் எல்லாப் புத்தகமும் ஒன்றை மட்டும் பேசாமல் ஒப்புக்கொண்டுவிடும். வெளிச்சம் வந்து போகும்வரை அந்தத் துகள் அப்படியே, மாறாமல் இருக்கிறது என்று. வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும்போதே துகளின் தன்மை மாறிக்கொண்டிருந்தால்? அதுதான் என் கேள்வி.

வேலூரில் என் ஆய்வு வழிகாட்டி அலுங்காமல் பதில் சொன்னார். வெளிச்சத்தின் வேகத்துக்கு முன்னால் நம்முடைய எந்த மாற்றமும் நின்றுபோன கடிகாரம்தான், ஒவ்வொரு கணத்திலும் அதைப் புதுத் துகளாக வைத்துக்கொண்டால் முடிந்தது என்றார். மெதுவான மாற்றத்துக்கு அது சரி, ஒளியின் துடிப்புக்கு ஈடாகத் துகளும் துடித்து மாறினால் கதை வேறு. சிதறி வரும் ஒளியின் நிறமே மாறும். வாங்கியதைவிட அதிகமாகக்கூடத் திருப்பித் தரும். அந்த உபரி எங்கிருந்து வருகிறதென்றால், துகளை மாற்றிக்கொண்டே இருக்கிற கை எதுவோ அதன் உழைப்பிலிருந்து வருகிறது. அதையெல்லாம் தாளில் கணக்காகப் போட்டு ஆய்வேட்டுக்கு இரண்டு அத்தியாயம் எழுதினேன். தாளை மட்டும் வைத்துக்கொண்டு பட்டம் வாங்க முடியாது, மெதுவாக மாறுகிற ஏதாவது ஒன்றையாவது அளந்து காட்டு என்றார் அவர்.

மெதுவாக மாறுகிறதைத் தேடி நான் வெகுதூரம் போகவில்லை. நெசவுக்குப் போகுமுன் கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்ட தண்ணீரில் வேகவைத்து, அதன்மேல் இருக்கும் பசையை எடுப்பார்கள். அந்தத் தண்ணீர் சூடாக இருக்கும்போது கஞ்சித் தண்ணீர் போல இருக்கும். ஆற ஆற அதிலுள்ள பசைத் துகள்கள் தண்ணீரைக் குடித்து ஊதி, ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு, கடைசியில் கூழாக உறைந்துவிடும். ஊதும்போது அவற்றின் ஒளியியல் தன்மையும் கூடவே மாறும். எனக்கு வேண்டியது அதுதான்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சாயப்பட்டறை இருந்தது. கணவனும் மனைவியுமாக நடத்தினார்கள். அந்த அக்காவிடம் போய், காலேஜில் ஒரு சோதனைக்கு, பட்டு வெந்த தண்ணீர் கொஞ்சம் வேண்டும், சனிக்கிழமை சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டேன். அவர் என்னையும் என் தோள்பையையும் கொஞ்ச நேரம் பார்த்தார். சரி என்றார். எதற்கு என்று கேட்கவில்லை. இந்தக் காலத்தில் இப்படிக் கேள்வி கேட்காமல் உதவுகிறவர்கள் யார் இருக்கிறார்கள் என்று வீட்டுக்கு வந்து கணவரிடம் மெச்சிக்கொண்டேன்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் முன்னறையில் எனக்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி துடைத்துப் போட்டிருக்கும். "உள்ள ஒரே ஆவி மேடம், நாத்தம் வேற. இங்கயே உட்காருங்க" என்பார் அந்த அக்கா. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். மேடம் வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லியும் விடவில்லை. காப்பி வரும். நல்ல காப்பி. வாரம் முழுக்க நின்று பாடம் நடத்திய காலுக்கு அந்த நாற்காலியைவிட்டு எழ மனசே வராது. கொஞ்ச நேரத்தில் மூடி போட்ட கேனில் சுடச்சுடத் தண்ணீர் வந்துவிடும். அதைப் பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போவேன். அமாவாசை அன்று தறிக்கும் பட்டறைக்கும் லீவு, அதனால் என் ஆராய்ச்சிக்கும் லீவு. சனிக்கிழமையில் அமாவாசை வந்தால் எனக்குப் பெரிய பண்டிகை வந்த மாதிரி. குப்புறப் படுத்துத் தூங்குவேன்.

ஆய்வகத்தில் அந்தத் தண்ணீரைச் சதுரக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, சிவப்பு லேசரைக் குறுக்கே விட்டு, சிதறும் ஒளியைப் பல கோணங்களிலிருந்து அளந்துகொண்டே இருப்பேன். இருட்டறை, மின்விசிறி போடக்கூடாது, துகள்கள் கலங்கிவிடும். எதிர்பார்த்தது ஒன்று, வந்தது வேறு. துகள்கள் ஊத ஊதச் சிதறல் படிப்படியாக ஏறிக்கொண்டே போக வேண்டும். எனக்கோ கொஞ்சம் ஏறியது, பிறகு சட்டென்று சரிந்து தண்ணீர் தெளிந்தது, பிறகு மறுபடி மெல்ல ஏறி உறைந்தது. அடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கடுத்த வாரமும். என் வழிகாட்டி அந்த வரைபடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இப்படி இரண்டு கட்டமாக மாறுவதை யாரும் எழுதி நான் படித்ததில்லை என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமான பாராட்டு அதுவரை வந்ததில்லை. திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. அது எனக்கு உறைக்கவே இல்லை.

இரண்டு வருடம் அந்தச் சரிவை அளந்தேன். மூன்றாம் அத்தியாயம் முழுக்க அதன் மேல் நின்றது. பதிவுக் காலம் ஒருமுறை முடிந்து, கெஞ்சி நீட்டிப்பு வாங்கியிருந்தேன். அந்த வருட முடிவுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, அத்தனை சனிக்கிழமையும் வீண். கடைசி நேரத்தில் வழிகாட்டி ஒன்று சொன்னார். தேர்வாளர் கேட்பார், அதனால் கச்சாப் பட்டு வாங்கி ஆய்வகத்திலேயே நீயே வேகவைத்து ஒருமுறை அளந்துவிடு, ஒரு பத்தி சேர்த்துவிடலாம் என்று. ஒரு பத்திதானே என்று வேகவைத்தேன். சரிவு வரவில்லை. சிதறல் ஒழுங்காக, புத்தகத்தில் இருக்கிற மாதிரி ஏறி உறைந்தது. சோப்பை மாற்றினேன், சோடாவைக் கூட்டினேன், குறைத்தேன். சரிவு வரவே இல்லை. நீயே செய்தால் உனக்கே வராதது வேறு யாருக்கு வரும் என்று கேட்டார் வழிகாட்டி. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பட்டறையில் சோப்போடு வேறு என்ன சேர்க்கிறார்கள் என்று கேட்டுவிடுவோம் என்று, சனிக்கிழமை வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், ஒரு புதன்கிழமை கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். என்னை அன்றைக்கு யாரும் எதிர்பார்க்கவில்லை. நாற்காலி சுவரோரம் தூசியோடு கிடந்தது. அக்கா பதறிப்போய் அதைத் துடைத்துப் போட்டு, உட்காருங்க, தண்ணி ஜல்தியா கொண்டாறேன் என்று உள்ளே ஓடினார். எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. பின்னாலேயே போனேன்.

உள்ளே அண்டாவில் பட்டு வெந்துகொண்டிருந்தது. மஞ்சள் நுரை, கண் எரிகிற ஆவி, அழுகல் நாற்றம். இரண்டு வருடமாக நான் பிளாஸ்க்கில் கொண்டுபோன தண்ணீரில் இந்த நாற்றத்தில் கால்வாசிகூட இருந்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அக்கா வாயகன்ற ஒரு கேனின் மேல் வெள்ளை வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கட்டி, அண்டாத் தண்ணீரை மொண்டு வடிகட்டினார். பிறகு துணியை அவிழ்த்துவிட்டு ஒரு படிகாரக் கட்டியை எடுத்து, சூட்டுக்குப் பழகிய கையைக் கேனுக்குள் விட்டு, கலங்கிய குடிதண்ணீரைத் தெளிய வைப்பது போலச் சுற்றிச் சுற்றித் தேய்க்க ஆரம்பித்தார்.

என் மூன்றாம் அத்தியாயம் என் கண்ணெதிரே அந்தக் கேனுக்குள் கரைந்துகொண்டிருந்தது. படிகாரம் பட்டால் அழுக்குத் துகள்கள் திரண்டுகொள்ளும். பஸ் குலுக்கலில் உடைந்த திரள்கள், கண்ணாடிக் குப்பியில் அசையாமல் நின்றதும் மறுபடி சேர்ந்து, கனத்து, அடியில் போய் உட்கார்ந்திருக்கின்றன. தண்ணீர் தெளிந்தது அதனால்தான். பட்டு தானாகச் செய்த அதிசயம் எதுவும் இல்லை.

"அக்கா, இன்னா போடறீங்க?" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். கட்டி கையிலிருந்து நழுவிக் கேனுக்குள் விழுந்தது.

"எழுதிக் குடுத்துடாதீங்க மேடம்."

"எங்க எழுதிக் குடுக்கறது?"

"மாசு ஆபீசுக்குத்தான். இத்தினி நாளா தண்ணி எடுத்துகினு போறீங்க. நாங்க எதனா கேட்டோமா? வந்தா உட்கார வெச்சி காப்பி குடுத்துகினுதான இருக்கோம்."

எங்கெங்கோ ஊர்களில் சாயத் தண்ணீருக்காக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் பட்டறைகளைப் பூட்டி சீல் வைக்கிறார்கள் என்ற பேச்சு அப்போது எங்கும் இருந்தது. செய்தித்தாளில் நானும் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். காலேஜ், சோதனை, தண்ணீர் என்று மூன்று வார்த்தையைச் சொல்லிக்கொண்டு, தோள்பையோடு ஒரு பெண் வாரம் தவறாமல் வந்தால் அவர் வேறு என்னதான் நினைப்பார்? நான் ஓய்வாகச் சாய்ந்து காப்பி குடித்த ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த அம்மாள் உள்ளே நின்று, என்னிடமிருந்து பட்டறையைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

இல்லைக்கா, அது வேறு, இது வேறு என்று சொல்லத் தொடங்கினேன். துகள், வெளிச்சம் என்று என் வாயில் வந்ததெல்லாம் எனக்கே நம்பும்படி இல்லை. படிகாரம் போடுவது தப்பில்லை, எவ்வளவு போடுகிறீர்கள் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றேன். அதற்குள் பேச்சுச் சத்தம் கேட்டு அவர் கணவர் வந்தார். என்ன விஷயம் என்று கேட்டார். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"மேடம் தண்ணிக்கு வந்துகீறாங்க. நான் ஒண்ணும் போடல."

அன்று தண்ணீர் வாங்காமலே வந்துவிட்டேன். வீட்டில் கணவர் ஷிப்டு முடிந்து வந்து படுத்திருந்தார். எழுப்பிச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, "ரெண்டு வருசமா அவங்கள பயமுறுத்திகினு இருந்திருக்க. அது தெரியாம காப்பி நல்லா இருக்குன்னு எங்கிட்ட வந்து சொன்ன" என்றார். எனக்கு அழுகை வந்தது. அவர்களுக்காகவா, என் அத்தியாயத்துக்காகவா என்று கேட்டால் அத்தியாயத்துக்காகத்தான் அதிகம்.

வழிகாட்டி மட்டும் இதைக் கேட்டுக் கலங்கவில்லை. அளவு சரியாக இருக்கிறது, காரணம்தான் தப்பு, படிகாரத்தால் மாறும் துகள்கள் என்று அத்தியாயத்தை மாற்றி எழுதிவிடலாம் என்றார். பதிவு முடிவதற்குள் நேரமும் இருந்தது. ஆனால் எவ்வளவு படிகாரம் என்று எழுத வேண்டும். தண்ணீர் எவ்வளவு, தேய்ப்பில் கரைவது எவ்வளவு, வாரத்துக்கு வாரம் அது எவ்வளவு மாறும் என்று தெரிய வேண்டும். நீயே ஒரு கட்டி வாங்கித் தேய்த்துப் பார் என்றார். தேய்த்தேன். என் கைக்குச் சரிவு ஒரு தடவை சீக்கிரமே வந்தது, இன்னொரு தடவை வரவே இல்லை. அளவு அந்த அக்காவின் கையில் இருந்தது. அந்தக் கையோ நான் ஒன்றும் போடவில்லை என்று சொல்லிவிட்டது.

போய்க் கெஞ்சியிருக்கலாம். இரண்டு முறை அந்தத் தெருமுனை வரை போனேன். என்னைக் கண்டதும் அந்த முகம் எப்படி மாறும் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். உண்மையைச் சொன்னால் சலித்தும் போயிருந்தேன். போகட்டும், பட்டமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சனிக்கிழமைகளில் துணி துவைத்தேன். அரிசியில் கல் பொறுக்கினேன். பிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்து மேல் அலமாரியில் வைத்தேன். அப்படியே சில வாரங்கள் போயின.

மறுபடி ஒரு சனிக்கிழமை காலை கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் அந்த அக்கா. ஒரு கையில் துணி சுற்றிய கேன், இன்னொரு கையில் ஒயர் கூடை. வேகமாக நடந்து வந்திருந்ததால் மூச்சு வாங்கியது.

"நீ எழுதிக் குடுக்கறவளா இருந்தா இந்நேரம் வந்து பூட்டிகினு போயிருப்பாங்க. ஒருத்தரும் வரல. அதான் வந்தேன்" என்றார். வீட்டுக்காரருக்குத் தெரியாமல்தான் வந்தேன் என்றும் சொல்லிவிட்டு, நேராகச் சமையலறைக்குப் போனார்.

கூடையிலிருந்து, சாயப் பொடி நிறுக்கும் சின்னத் தராசையும் எடைக்கற்களையும் எடுத்துத் தரையில் வைத்தார். அதே படிகாரக் கட்டியும் இருந்தது. கேனில் வடிகட்டாத அண்டாத் தண்ணீர், சூடு குறையாமல். மூடியைத் திறந்ததும் வீடு முழுக்க அந்த நாற்றம். என்னென்ன வேண்டும் சொல் என்றார். சொன்னேன். கட்டியை நிறுத்தார். வேட்டித் துணியில் என் பாத்திரத்துக்கு வடிகட்டி, எப்போதும் போலத் தேய்த்தார். கட்டியைத் துடைத்து மறுபடி நிறுத்தார். நான் எழுதிக்கொண்டேன். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று நான் கேட்கக் கேட்க, சளைக்காமல் செய்தார். கரைந்த எடை ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. அலமாரியிலிருந்து பிளாஸ்க்கை இறக்கி அந்தத் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். அந்த எடையை வைத்துத்தான் என் அத்தியாயம் பிழைத்தது. வருட முடிவுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தேன், பட்டமும் வந்தது. தண்ணீர் வந்த இடம் ஒரு சாயப்பட்டறை என்று மட்டும் அதில் இருக்கிறது.

அன்று காலை எல்லாம் முடிந்ததும் அக்கா தராசைத் துடைத்துக் கூடையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"நீ படிச்சவ. இந்தத் தண்ணி கெட்டதா?"

அந்தத் தண்ணீர் வெளிச்சத்தை எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறடிக்கும் என்று எனக்குத் தெரியும். அது கெட்டதா என்று நான் ஒருநாளும் அளந்ததில்லை. ஆனால் பட்டறைக்குப் பின்னால் அது எந்தக் கால்வாயில் போகிறது, அந்தக் கால்வாய் ஓரம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பொய் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அவ்வளவு தூரம் வந்து தேய்த்துக் காட்டியவரிடம் பொய் சொல்ல முடியவில்லை.

"நல்லதில்லக்கா" என்றேன்.

"அது எனக்கே தெரியும்மா. உனக்கு ஒதவுமா, அத்த சொல்லு."

"ஒதவும்க்கா."

தலையை ஆட்டிக்கொண்டார். காப்பி போடுகிறேன் என்றேன், வேண்டாம், பட்டறையில் வேலை கிடக்கிறது என்றார். கேனின் அடியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. அதைக் கொட்ட இடம் தேடிப் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு போனார். அங்கே சாக்கடை கிடையாது, ஒரு கறிவேப்பிலைச் செடியும் கொஞ்சம் மண்ணும்தான். செடிப் பக்கம் கேனைச் சாய்த்தவர், ஊற்றாமல் அப்படியே நின்றார். பிறகு மூடியைத் திருகி இறுக்கி, அந்தத் தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.